தெரிந்த கதையை எடைபோடுவது எப்படி? ரீமேக் படங்களும் வீடியோ கேம்களும்

புதுச்சேரி ஒன்றியப் பிரதேசத்துக்கு ஒரே சட்டப்பேரவைதான். ஆனால் அதன் நான்கு பகுதிகளில் புதுச்சேரியும் காரைக்காலும் தமிழ் பேசுகின்றன. கேரளத்தால் சூழப்பட்ட மாகே மலையாளம் பேசுகிறது, கோதாவரிக் கரையோரம் இருக்கும் ஏனாம் தெலுங்கு பேசுகிறது. 2013 டிசம்பரில் மலையாளத்தில் ‘த்ரிஷ்யம்’ வெளியானபோது மாகேக்காரர்களுக்கு அது சொந்த மொழிப் படம். ஏனாம்காரர்களுக்கு அதே கதை 2014-இல் தெலுங்கில் வந்தது. புதுச்சேரிக்கு அது 2015-இல் ‘பாபநாசம்’ என்ற பெயரில் வந்து சேர்ந்தது. ஒரே முதலமைச்சரின் கீழ் வாழ்பவர்கள் ஒரே கதையை மூன்று வெவ்வேறு குடும்பங்களுக்கு நேர்ந்த துன்பமாகப் பார்த்தார்கள்.

அப்போது இது யாருக்கும் உறுத்தவில்லை. ஒரு மொழியின் படம் இன்னொரு மொழிக்காரரின் வீட்டுக்கு எளிதில் வராத காலம் அது. இன்று நிலைமை வேறு. கடலூர் மஞ்சக்குப்பத்தில் இருப்பவரும் மலையாள மூலத்தைக் கைபேசியிலேயே பார்த்து முடித்துவிடுகிறார். ரீமேக் திரையரங்குக்கு வரும்போது கொலை செய்தது யார், எப்படித் தப்பித்தார்கள் என்பதெல்லாம் அவருக்கு மனப்பாடம். அதனால் படம் முடிந்து வெளியே வருகிறவர்களின் தீர்ப்பும் ஒரே வாக்கியமாகிவிட்டது: “ஒரிஜினல் அளவுக்கு இல்லை.” வீடியோ கேம் விளையாடும் இளைஞர்களிடம் இதே தீர்ப்பு வேறு வடிவில் இருக்கிறது. பழைய கேம் ஒன்றைப் புதிதாகச் செய்து வெளியிட்டால், “கிராபிக்ஸ் பிரமாதம், கதை அதேதான்” என்பார்கள்.

இரண்டு வாக்கியங்களும் கதையைப் பற்றிப் பேசுவதுபோல் தோன்றினாலும் கதை சொல்லப்பட்ட விதத்தைத் தொடுவதே இல்லை. ஒரு கதை நமக்கு முன்பே தெரிந்திருக்கும்போதுதான், சொல்பவரின் திறமை மறைவதற்கு இடமில்லாமல் வெளிப்படுகிறது. அடுத்து என்ன என்ற ஆவல் கழன்றுவிடுகிறது. எந்த இடத்தில் நிற்கிறார்கள், எதைக் கடந்து ஓடுகிறார்கள், யார் கண்ணால் காட்டுகிறார்கள் என்பவை மட்டும் மிஞ்சுகின்றன. ரீமேக்கை எடைபோடுவது மூலப்படத்தை எடைபோடுவதைவிடச் சுலபம் என்று நான் நினைப்பது இதனால்தான். முடிவுகளைச் சொல்லாமல் இந்தப் பேச்சைப் பேச முடியாது. பார்க்காதவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

தெரிந்த கதையைப் பார்க்கத் திரளும் கூட்டம் நம் பகுதிக்குப் புதிதல்ல. கடலூர், விழுப்புரம் மாவட்டங்களிலும் புதுச்சேரிக் கிராமங்களிலும் திரௌபதி அம்மன் கோயில் திருவிழா என்றால் பகலில் பாரதப் பிரசங்கம், இரவில் தெருக்கூத்து, நிறைவில் தீமிதி. ‘கர்ண மோட்சம்’ கூத்து நடக்கும் இரவில், விடிவதற்குள் கர்ணன் இறந்துவிடுவான் என்பது தெரியாத சிறுவன்கூட அந்தக் களத்தில் இருக்க மாட்டான். பிறகு எதற்காக ஊரே கண்விழித்து உட்கார்ந்திருக்கிறது?

பெரும்பாலும் ஒரு காட்சிக்காக. போருக்குப் புறப்படும் கர்ணன் மனைவி பொன்னுருவியிடம் விடைபெறுகிறான். வியாச பாரதத்தில் பொன்னுருவி என்ற பெயரே இல்லை. கூத்துதான் அவளைக் களத்தின் நடுவே கொண்டுவந்து நிறுத்துகிறது. தேரோட்டியின் மகன் என்று கணவனைத் தாழ்வாக எண்ணிய பெண் அவள். இனித் திரும்பி வரப்போவதில்லை என்று அறிந்த ஆண் அவன். பாட்டும் விருத்தமும் வசனமுமாக அந்த விடைபெறுதல் நீள்கிறது. அவன் இரண்டடி எடுத்து வைக்கிறான், அவள் மறிக்கிறாள். ஹார்மோனியம் மறுபடி அதே சுருதியைப் பிடிக்கிறது. போர்க்களத்தில் அம்பு பாயும் நேரத்தைவிட இந்த வாசற்படியில் கழியும் நேரம் அதிகம்.

மறுநாள் டீக்கடையில் பெரியவர்கள் பேசுவதைக் காதுகொடுத்துக் கேட்டால் ஒரு முழு விமர்சன முறையே கிடைக்கும். இந்த வருடம் வந்த ஜமா, அதாவது கூத்துக்குழு, பொன்னுருவி காட்சியை அவசரப்படுத்திவிட்டது என்பார் ஒருவர். திரையை விலக்கிக்கொண்டு கர்ணன் வெளிப்பட்ட விதத்திலேயே ராஜகளை இல்லை என்பார் இன்னொருவர். கூத்தின் கோமாளியான கட்டியங்காரன் சிரிக்க வைக்கக் கூடாத இடத்தில் சிரிக்க வைத்துவிட்டான் என்ற குறையும் வரும். கதை மாறிவிட்டது என்று யாரும் சொல்வதில்லை. காலம், அழுத்தம், தொனி ஆகியவற்றைப் பற்றித்தான் அத்தனை பேச்சும். பட்டம் வாங்கிய விமர்சகர்களிடம்கூட இவ்வளவு கூர்மையை நான் எப்போதாவதுதான் பார்க்கிறேன்.

மாற்றி எழுதுவதும் இந்த மண்ணுக்குப் பழக்கமானதே. தமிழில் பாரதம் பாடிய வில்லிபுத்தூரார் திருமுனைப்பாடி நாட்டுச் சனியூரில் பிறந்தவர் என்பார்கள். நம் பழைய தென்னார்க்காட்டுப் பகுதி அது. லட்சம் சுலோகம் என்று சொல்லப்படும் வியாச பாரதத்தை அவர் நாலாயிரத்துச் சொச்சம் பாடல்களுக்குள் கொண்டுவந்தார். அப்படிச் சுருக்கியவர், குற்றுயிராகக் கிடக்கும் கர்ணனிடம் கண்ணன் அந்தணன் வேடத்தில் வந்து அவன் செய்த புண்ணியம் அனைத்தையும் யாசிக்கும் காட்சிக்குத் தாராளமாக இடம் கொடுத்தார். வியாசரிடம் அந்தக் காட்சி கிடையாது. 1964-இல் வந்த ‘கர்ணன்’ திரைப்படம் அதை எடுத்துக்கொண்டது; கர்ணன் என்றதும் இன்றைக்குத் தமிழர் பலருக்கு முதலில் நினைவுக்கு வருவது அதுதான். மூலத்துக்கு விசுவாசமாக இருப்பது மட்டுமே அளவுகோல் என்றால் வில்லியாரைத் தோல்வியடைந்தவர் என்று சொல்ல வேண்டிவரும்.

ஒவ்வொரு கதைசொல்லலுக்கும் ஒரு முடிச்சு இருக்கிறது. மற்ற எல்லாம் தளர்ந்தாலும் தளரக் கூடாத இடம் அது. மூலத்தில் முடிச்சு எங்கே இருந்தது, புதியவர் அதை அங்கேயே வைத்தாரா, இடம் மாற்றினாரா, மாற்றிய இடத்தில் அது இறுகியிருக்கிறதா என்பதைத்தான் பார்க்க வேண்டும்.

‘த்ரிஷ்யம்’ படத்தில் பார்ப்போம். தன் வீட்டில் நேர்ந்துவிட்ட ஒரு கொலையை மறைத்துக் குடும்பத்தைக் காக்கும் கேபிள் டிவிக்காரனின் கதை அது. கொலையை நாம் கண்ணால் பார்த்துவிடுகிறோம். உடல் முதலில் எங்கே புதைக்கப்பட்டது என்பதும் தெரியும். ஆகவே கொலையாளி யார் என்ற புதிர் அங்கே கிடையாது. நாம் போலீஸைவிட அதிகம் அறிந்தவர்கள், கதாநாயகனைவிடக் குறைவாக அறிந்தவர்கள். இந்த இடைநிலையில் நம்மை இரண்டரை மணி நேரத்துக்கும் மேல் உட்கார வைத்ததுதான் இயக்குநர் ஜீத்து ஜோசப்பின் சாமர்த்தியம். குழியைத் தோண்டும்போது ஒரு விலங்கின் உடல் கிடைக்கிற கணத்தில், இந்த ஆள் நம்மிடமும் ஒன்றை மறைத்திருக்கிறான் என்று தெரிகிறது. உடல் உண்மையில் எங்கே இருக்கிறது என்பது, புதிய காவல் நிலையத்தின் தரையைக் காட்டும் கடைசிக் கணங்களில்தான் நமக்குச் சொல்லப்படுகிறது.

அதைவிட நுட்பமான இன்னொன்றும் அதில் இருக்கிறது. சினிமா பார்த்தே உலகத்தைக் கற்றுக்கொண்ட அந்தக் கேபிள் டிவிக்காரன், சில நாள் கழித்துப் போன பயணத்தை முந்தைய தேதியில் போனதாகச் சாட்சிகளின் நினைவில் பதிய வைக்கிறான். பஸ் நடத்துநர், ஓட்டல்காரர், விடுதிக்காரர் என்று ஒவ்வொருவரையும் இரண்டாம் முறை போய்ப் பார்த்துப் பேச்சோடு பேச்சாகத் தேதியை நுழைக்கிறான். ஓர் இயக்குநர் பார்வையாளர்களிடம் செய்வதைத்தான் அவன் சாட்சிகளிடம் செய்கிறான். இந்தக் கதை எந்த மொழிக்குப் போனாலும் தாக்குப்பிடித்ததற்கு இதுதான் காரணம் என்பது என் கணிப்பு. எந்த ஊரிலும் மனிதர்கள் கண்ணால் பார்த்ததை நம்புகிறார்கள்.

தமிழிலும் ஜீத்து ஜோசப்தான் இயக்கினார்; வசனம் ஜெயமோகன். காட்சி வரிசை ஏறக்குறைய அப்படியே இருக்கிறது. ஆனால் கதை நெல்லைச் சீமைக்குப் போனதும் பேச்சின் தாளம் மாறுகிறது. முக்கியமான மாற்றம் கடைசியில், இறந்த இளைஞனின் பெற்றோரைக் கதாநாயகன் சந்திக்கும் இடத்தில் வருகிறது. மோகன்லால் அங்கே உணர்ச்சியை அடக்கி, ஒப்புக்கொண்டும் ஒப்புக்கொள்ளாமலும் பேசுகிறார். கமல்ஹாசன் உடைந்து அழுகிறார். அழுகை அதிகம் என்று பலர் குறை சொன்னார்கள். எனக்கும் மலையாளத்தின் அடக்கம்தான் பிடிக்கும். ஆனால் தமிழ் வடிவம் தன் முடிச்சை அறிந்தே இடம் மாற்றியிருக்கிறது என்பதை ஒத்துக்கொள்ள வேண்டும். மலையாளத்தில் படம் முடியும்போது நம் மனதில் நிற்பது ஒருவனின் மூளை. தமிழில் நிற்பது ஒரு தகப்பனின் குற்ற உணர்வு. எது கூடுதல், எது குறைவு என்ற சண்டையைவிட இந்த வித்தியாசத்தைக் கண்டு சொல்வதே விமர்சகரின் வேலை.

இதே கதை 2019-இல் சீன மொழிக்குப் போனபோது தகப்பன் கடைசியில் சட்டத்திடம் சரணடைகிறான். குற்றம் தண்டிக்கப்பட வேண்டும் என்று எதிர்பார்க்கும் தணிக்கைச் சூழலில் அது வியப்பில்லை. ஆனால் கதைசொல்லல் என்று பார்த்தால் அங்கே முடிச்சு அவிழ்ந்துவிடுகிறது. காவல் நிலையத்தின் தரையடியில் கிடக்கும் ரகசியம் நமக்கும் அவனுக்கும் மட்டும் தெரிந்ததாக இருப்பதில்தான் அந்தக் கதையின் கனம் இருந்தது. நாமும் உடந்தையாகிறோம். அவன் சரணடைந்ததும் நமக்கு விடுதலை கிடைத்துவிடுகிறது.

மாற்றம் எப்படிக் கதையின் உரிமையாளரையே மாற்றிவிடும் என்பதற்கு ‘மணிச்சித்ரதாழ்’ நல்ல உதாரணம். 1993-இல் ஃபாசில் இயக்கிய அந்தப் படம் கங்கா என்ற பெண்ணின் கதை. மோகன்லால் நடித்த மனநல மருத்துவர், படம் கணிசமான தூரம் நகர்ந்த பிறகே வருகிறார். அதற்குள் பூட்டிய அறையும் கங்காவின் தனிமையும் நமக்குள் இறங்கியிருக்கும். அவளுக்குள் விழித்தெழும் நாகவல்லி தஞ்சாவூரிலிருந்து கொண்டுவரப்பட்ட தமிழ் நடனக்காரி. மலையாள வீட்டுக்குள் திடீரென்று தமிழ் ஒலிக்கும்போது பார்வையாளர்களுக்குத் தூக்கிவாரிப் போடுகிறது. 2005-இல் பி. வாசு இயக்கிய ‘சந்திரமுகி’யில் ரஜினிகாந்த் தொடக்கத்திலேயே சண்டையோடு நுழைகிறார். கங்காவின் கதைக்கு மிஞ்சும் நேரம் சுருங்குகிறது. கங்கா சந்தேகத்துக்கு உரியவளாக நம் கண்ணில் படுவதற்கு முன்பே மருத்துவர் எல்லாம் அறிந்தவராக உலவுவதால், கண்டுபிடிக்கும் பதற்றமும் குறைகிறது.

ஆனால் ஒரு விஷயத்தை வாசு சரியாகப் பிடித்தார். தமிழ் வீட்டில் தமிழ் பேசும் ஆவி வந்து பயனில்லை என்று அறிந்து சந்திரமுகியைத் தெலுங்கு பேச வைத்தார். 2007-இல் இந்திக்குப் போனபோது பிரியதர்ஷன் அவளை வங்காளியாக்கினார். சொல்லை மாற்றி, அந்நியத்தன்மை என்ற வேலையை அப்படியே காப்பாற்றினார்கள். இப்படிப்பட்ட மாற்றத்தைப் பார்க்கும்போதுதான் மூலத்தை ஒருவர் உண்மையாகவே படித்திருக்கிறார் என்ற மரியாதை வருகிறது. என்னைக் கேட்டால், ‘சந்திரமுகி’ ஒரு பெண்ணின் நோயைப் பற்றிய கதையாகத் தோற்றது. நட்சத்திரத் திருவிழாவாக வென்றது. இரண்டையும் ஒரே மதிப்பெண்ணில் அடைக்க முடியாது.

நேர் எதிர்த் துருவத்தில் 1998-இல் கஸ் வான் சான்ட் எடுத்த ‘சைக்கோ’ இருக்கிறது. ஹிட்ச்காக்கின் 1960-ஆம் ஆண்டுப் படத்தை ஏறக்குறைய ஷாட்டுக்கு ஷாட் நகலெடுத்தார். கோணங்கள் அவையே, இசையும் அதுவே. இருந்தும் படம் பிணமாகக் கிடந்தது. கதாநாயகி என்று நம்பியவளைப் பாதிக்கு முன்பே கொன்றுவிடுவது 1960-இல் பார்வையாளர்களுக்குச் செய்யப்பட்ட துரோகம். 1998-இல் அந்தக் குளியலறைக் காட்சி உலகத்துக்கே தெரிந்திருந்தது. முடிச்சு பார்வையாளரின் அறியாமையில் இருந்தது. அதை நகலெடுக்க எந்தக் கேமராவாலும் முடியாது.

புதுச்சேரியோடு நேரடியாகத் தொடர்புடைய ஒரு படத்தையும் இங்கே சேர்க்க வேண்டும். யான் மார்ட்டெல் 2001-இல் எழுதிய ‘லைஃப் ஆஃப் பை’ நாவலை ஆங் லீ 2012-இல் படமாக்கினார்; நம் தெருக்களில் படப்பிடிப்பு நடந்ததை இன்னும் பேசுகிறவர்கள் உண்டு. கப்பல் மூழ்கித் தப்பித்த பை, புலியோடு கடலில் கிடந்த கதையை விசாரணை அதிகாரிகளிடம் சொல்கிறான். அவர்கள் நம்பவில்லை. உடனே மனிதர்கள் மட்டுமே வருகிற, கேட்கவே கூசுகிற இன்னொரு கதையைச் சொல்கிறான். புலியையும் கடலையும் கணினியில் வடிக்கப் பெரும் பணம் செலவழித்த இயக்குநர், அந்த இரண்டாம் கதைக்கு ஒரு காட்சிகூட எடுக்கவில்லை. மருத்துவமனைக் கட்டிலில் இருக்கும் இளைஞனின் முகம், அவன் குரல், அவ்வளவுதான். நாவலில் இரண்டு கதைகளும் சொற்களாகவே இருப்பதால் அவற்றைச் சமமாக நிறுத்த முடிகிறது. திரையில் ஒன்றைக் காட்டி மற்றொன்றைக் காட்டாமல் விட்டதும் தராசு சாய்கிறது; புலிக்கதையை நாம் கண்ணால் பார்த்திருக்கிறோம் என்பதே அதற்குச் சாட்சியாகிறது. ஆங் லீ அறிந்தே செய்த காரியம் அது. எதைச் சேர்த்தார்கள், எதை வெட்டினார்கள் என்று மட்டும் கணக்கெடுக்கும் ஒப்பீடுகள் இதைப் பார்ப்பதில்லை.

வீடியோ கேமுக்கு வரும்போது ஒரு புதிய ஆள் சேர்கிறார்: விளையாடுகிறவர். திரைப்படத்தில் கண்ணும் காதும் போதும். இங்கே கை வேண்டும். கேம் கதைகளைப் பற்றி எழுதும் பெரும்பாலோர் நடுவே வரும் சினிமா போன்ற காட்சிகளை மட்டும் எடுத்துவைத்து மதிப்பிடுகிறார்கள். கை எதைச் செய்தது என்பதைக் கேட்பதே இல்லை. கேமில் கதை நடப்பது அந்தக் கையில்தான்.

‘வெண்பா’ என்ற சிறிய கேமைப் பார்க்கலாம். டொராண்டோவைச் சேர்ந்த விசை கேம்ஸ் 2023-இல் வெளியிட்டது. 2024-இல் அறிமுகப் படைப்புக்கான பிரிட்டனின் பாஃப்டா விருதும் பெற்றது. 1980-களில் தமிழ்நாட்டிலிருந்து கனடாவில் குடியேறிய ஒரு பெண், அவள் கணவன், அங்கே பிறந்து வளரும் மகன். அம்மா கொடுத்துவிட்ட சமையல் குறிப்பேடு சேதமாகிக் கிடக்கிறது. முதல் சமையல் இட்லி. ஏட்டில் ஒரு பகுதி சிதைந்திருப்பதால், இட்லித் தட்டுகளை எப்படி அடுக்க வேண்டும் என்பதை நாமே கண்டுபிடிக்க வேண்டும். தட்டுகளில் ஓட்டைகள் இருக்கின்றன. ஒரு தட்டின் ஓட்டைக்கு நேர்மேலே அடுத்த தட்டின் குழி வரும்படி மாற்றி மாற்றி அடுக்கினால்தான் ஆவி எல்லா இட்லிக்கும் போகும்.

நம் வீடுகளில் யாரும் இதை வாயால் சொல்லிக் கொடுப்பதில்லை. பார்த்துப் பார்த்துக் கை பழகிக்கொள்கிறது. அந்தப் பழக்கம் அறுந்துபோன ஒரு வீட்டில், அழிந்த வரியைக் கை ஊகிக்க வேண்டியிருக்கிறது. தாயகத்திலிருந்து விலகிப்போவது பற்றி அந்தப் பெண் ஒரு பக்க வசனம் பேசியிருந்தால் நான் மறந்திருப்பேன். தவறாக அடுக்கி, திருப்பி எடுத்து, மறுபடி அடுக்கியதை மறக்கவில்லை. இது திரைப்படத்தால் செய்ய முடியாத கதைசொல்லல். நாவலாலும் முடியாது. ஒன்றிரண்டு மணி நேரத்தில் முடிந்துவிடுகிற கேம் என்று குறைபட்டவர்கள் உண்டு. எனக்கு அந்த அளவு போதுமானதாகவே இருந்தது.

கையும் கதையும் ஒன்றுக்கொன்று முரண்படும்போது என்ன ஆகும்? 2007-இல் வெளியான ‘பயோஷாக்’ பற்றி எழுதிய வடிவமைப்பாளர் கிளின்ட் ஹாக்கிங் இதற்கு ‘லூடோநரேடிவ் டிசொனன்ஸ்’ என்று ஒரு பெயர் சூட்டினார். அது இன்றைக்குக் கேம் விமர்சனத்தில் நிலைத்துவிட்டது. விளையாட்டின் விதிகள் ஒன்றைச் சொல்ல, கதை வேறொன்றைச் சொல்லும் பிளவைத்தான் அவர் சுட்டினார். ‘பயோஷாக்’ விதிகள் சுயநலமாக நடப்பதா வேண்டாமா என்ற தேர்வை நம்மிடம் கொடுக்கின்றன. கதையோ இன்னொருவருக்கு உதவியே ஆக வேண்டும் என்று கட்டளையிடுகிறது. மறுக்க வழியில்லை. இதைவிட எளிய உதாரணம் எல்லோருக்கும் தெரிந்ததே. இடைக்காட்சியில் ஒரு கொலைக்காகக் கண்ணீர் விடும் நாயகன், அடுத்த நிமிடம் நம் கையில் வந்ததும் தெருவில் போகிறவர்களையெல்லாம் சுட்டுத் தள்ளுகிறான். கேம் அதைக் கண்டுகொள்வதே இல்லை. எழுத்து எவ்வளவு நன்றாக இருந்தாலும் அங்கே கதைசொல்லல் விரிசல் விட்டுவிட்டது.

ஆனால் அதே ‘பயோஷாக்’ நடுவில் செய்யும் ஒரு காரியம் அசாதாரணமானது. இதுவரை வழிகாட்டிய குரல் சொன்ன ஒரு பணிவான சொற்றொடர், நாயகனின் மனதில் பதிக்கப்பட்ட கட்டளை என்று தெரியவருகிறது. தன் விருப்பத்தால் செய்ததாக நினைத்த எல்லாம் ஏவலால் செய்தவை. கேம் விளையாடுகிறவர் எப்போதும் திரையில் வரும் உத்தரவுக்குக் கீழ்ப்படிந்தே பழகியவர் என்பதைப் பயன்படுத்திக்கொண்ட திருப்பம் அது. திரைப்படமாக எடுத்தால் இது வெறும் மனவசியக் கதையாகச் சுருங்கிவிடும்.

இந்த அளவுகோலோடு கேம் ரீமேக்குகளைப் பார்த்தால் “கதை அதேதான்” என்ற தீர்ப்பு எவ்வளவு மேலோட்டமானது என்பது புரியும். நடமாடும் பிணங்களிடமிருந்து தப்பிக்கும் கதை ‘ரெசிடென்ட் ஈவில் 2’. 1998-இல் வந்த அந்தக் கேமில் கேமரா அறையின் மூலையில் நிலையாக நிற்கும். கதவைத் திறந்தால் கறுப்புத் திரையில் கதவு மட்டும் மெல்லத் திறக்கும் ஒரு சிறு காட்சி வரும். அடுத்த அறையைக் கணினி ஏற்றிக்கொள்ள எடுத்த அவகாசம் அது. ஆனால் விளையாடியவர்களுக்கு அந்தக் கதவு ஓர் எல்லையாகவும் இருந்தது. கடந்துவிட்டால் பின்னால் வந்த பிணம் பின்னாலேயே நின்றுவிடும். 2019 ரீமேக்கில் கேமரா தோளுக்குப் பின்னால் வந்துவிட்டது. கதவுக்குக் காத்திருப்பு இல்லை, காப்பும் இல்லை. பிணங்கள் கதவைத் தள்ளிக்கொண்டு வருகின்றன. பிரம்மாண்டமான ஓர் உருவம் காவல் நிலையக் கட்டடத்துக்குள் நம்மைத் தேடி நடக்கிறது; அதன் காலடி மேல்தளத்திலும் பக்கத்து அறையிலும் கேட்டுக்கொண்டே இருக்கிறது. கதைச் சுருக்கம் எழுதினால் இரண்டும் ஏறக்குறைய ஒன்றுதான். பயத்தின் இடம் மாறிவிட்டது: அன்று கதவுக்கு அப்பால் என்ன இருக்கிறதோ என்ற அச்சம், இன்று எந்தக் கதவும் காப்பாற்றாது என்ற அச்சம்.

2005-இல் வந்த ‘ஷேடோ ஆஃப் தி கொலோசஸ்’ 2018-இல் புதுக்கப்பட்டபோது பெரும்பாலும் காட்சிதான் மெருகேறியது; இறந்த பெண்ணை உயிர்ப்பிக்கப் பதினாறு பெருவுயிர்களைக் கொல்லும் அந்தத் தனிமையை யாரும் தொடவில்லை. ‘சைக்கோ’ நகலெடுப்பு தோற்ற இடத்தில் இது ஏன் வென்றது? முடிச்சு அறியாமையில் இல்லை. ஒவ்வொரு உயிரும் விழும்போது வெற்றிக்குப் பதில் வருத்தம் வருகிறது. அந்த வருத்தத்தைத் தெரிந்துகொண்டு மறுபடி செய்தாலும் கை கனக்கத்தான் செய்கிறது.

1997-இன் ‘ஃபைனல் ஃபேன்டஸி VII’ இன்னொரு வழியில் போனது. ஏரித் என்ற பெண் இறப்பது கேம் உலகில் எல்லோரும் அறிந்த துயரம். 2020 ரீமேக்கில், கதை பழைய தடத்திலிருந்து விலகப் பார்க்கும்போதெல்லாம் நிழலுருவங்கள் வந்து அதைத் திருப்பித் தடத்தில் தள்ளுகின்றன. பழையதை நாம் அறிந்திருக்கிறோம் என்பதையே புதிய கதையின் பதற்றமாக்கிய துணிச்சல் எனக்குப் பிடித்தது. கொஞ்சம் அதிகப்படியான சாமர்த்தியமும் அதில் இருக்கிறது; பழைய கேமை விளையாடாதவருக்கு அந்த நிழல்கள் ஒரு குழப்பம்தான்.

புதுச்சேரியிலும் கடலூரிலும் மணிக்கு இவ்வளவு என்று கொடுத்து விளையாடும் கேமிங் கடைகளில் பெரும்பாலும் கால்பந்தும் சண்டையும்தான் ஓடும். பத்துப் பதினைந்து மணி நேரம் நீளும் கதைக் கேம்களுக்கு அந்த வாடகை கட்டுப்படியாகாது. விலை அதிகம் என்பதால் நம் பிள்ளைகள் பலர் அத்தகைய கேம்களை வேறு யாரோ விளையாடும் யூடியூப் காணொளியாகப் பார்த்து முடிக்கிறார்கள். அதில் தவறில்லை. ஆனால் அப்படிப் பார்த்துவிட்டுக் கதையை மதிப்பிடுகிறவர்கள், கையை வீட்டிலேயே வைத்துவிட்டுத் தீர்ப்பு சொல்கிறார்கள் என்பதை உணர வேண்டும்.

அந்த வித்தியாசத்துக்குத் தெளிவான சான்று, ஒரு தொற்றால் உலகம் சிதைந்த பிறகு நடக்கும் ‘தி லாஸ்ட் ஆஃப் அஸ்’. 2013-இல் கேமாக வந்து, 2022-இல் முழுவதும் புதுக்கப்பட்டு, 2023-இல் தொலைக்காட்சித் தொடரானது. கேமில் பில் என்ற மனிதனின் ஊருக்குள் பொறிகளுக்கும் எதிரிகளுக்கும் நடுவே தட்டுத்தடுமாறிப் போகிறோம். அவனுடைய துணைவன் ஃபிராங்க் அவனை வெறுத்து விலகித் தூக்கில் தொங்கியிருப்பதைக் காண்கிறோம். தொடரின் மூன்றாம் அத்தியாயம் இதைத் தலைகீழாக்கியது: இருவரும் நேசித்து, முதுமை அடைந்து, சேர்ந்தே இறக்கிறார்கள். மாற்றம் சரிதான். விளையாட நம் கைக்கு வேலை இருந்தபோது பில்லின் கசப்பு வழித்துணையாகப் போதுமானதாக இருந்தது. கை ஓய்ந்து கண் மட்டும் மிஞ்சியதும் அந்த ஊர் வெறும் சண்டைக்களமாகிவிடும். அதை ஒரு வாழ்க்கையால் நிரப்பினார்கள்.

முடிவுக்காட்சியை மட்டும் தொடரால் அப்படி ஈடுகட்ட முடியவில்லை. உலகத்தைக் காப்பாற்றக்கூடிய மருந்துக்காக எல்லி என்ற சிறுமியைப் பலிகொடுக்கத் தயாராகும் மருத்துவமனைக்குள், அவளைக் காத்து அழைத்துவந்த ஜோயல் நுழைகிறான். அறுவை சிகிச்சை அறையில் மருத்துவர் கையில் கத்தியோடு மறித்து நிற்கிறார். நாம் அவரைக் கொல்லும் வரை கேம் நகராது. தொடரில் ஜோயல் அதைச் செய்வதைப் பார்த்து அவனுக்குத் தீர்ப்பு எழுதலாம். கேமில் விசையை அழுத்தியது நம் விரல். 2022 ரீமேக் விதிகளைப் பெரிதாகத் தொடாமல் முகங்களைத் துல்லியமாக்கியது. ஆகவே பணம் பிடுங்கும் வேலை என்று பலர் ஏசினார்கள். விலை அதிகம் என்பதை நானும் மறுக்கவில்லை. ஆனால் கடைசியில் ஜோயல் மருத்துவமனையில் நடந்ததை மறைத்து எல்லியிடம் பொய் சொல்கிறான், அவள் சரி என்று மட்டும் சொல்கிறாள். பழைய கேமில் அவள் நம்பினாளா என்பது ஊகமாகவே இருந்தது. புதியதில் அந்த ஒற்றைச் சொல்லுக்கு முன்னால் அவள் கண்கள் அவன் முகத்தில் எதையோ தேடுவது தெரிகிறது. மருத்துவரைச் சுட்ட விரல் நம்முடையது என்பதால், அவள் தேடுவது நம்மிடமும்தான். கிராபிக்ஸ் இங்கே கதைக்காக வேலை செய்திருக்கிறது. “கதை அதேதான்” என்று எழுதியவர்கள் இந்த இடத்தைத் திரும்ப விளையாடிப் பார்த்துவிட்டு எழுதியிருக்கலாம்.